மச்சில் கிடந்த ‘கேப்’ துப்பாக்கி: செய்தவர் யார், எந்த ஊர்? கண்டுபிடிப்பது எப்படி?

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது மச்சிலிருந்து என்னவெல்லாமோ இறங்கும். பித்தளை நிலவாய், ஓலைச்சுவடிக் கட்டு, துருப்பிடித்த தராசு. எப்போதாவது, சாக்கில் சுற்றிய நீளமான ஒரு துப்பாக்கியும் இறங்கும். வீட்டில் மூத்தவர் ஒருவர் உடனே சொல்வார்: “இது வேலுத்தம்பி தளவாய் காலத்துத் தோக்கு மக்கா. பாட்டாவுக்குப் பாட்டா வச்சிருந்தது.”

அடுத்த பத்து நிமிடத்தில் போட்டோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விடும். பெங்களூரில் இருக்கும் தம்பி பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இதுல விண்ட்சர்னு எழுதியிருக்கு. இங்கிலாந்து ராணி அரண்மனையா?” என்பான். இன்னொருவர், “அமெரிக்காவுல இதுக்கு லட்சக்கணக்குல விலை” என்று ஒரு ஏல வீடியோவை அனுப்புவார்.

இந்த மூன்று பேச்சும் தவறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் துப்பாக்கியே தன் வயதையும் ஊரையும் சொல்லும். எங்கே பார்க்க வேண்டும், எதை நம்பக்கூடாது என்று தெரிந்தால் போதும். அதோடு, தெரியாமல் செய்யும் ஒரு காரியம் உயிருக்கோ சிறைக்கோ கொண்டுபோய் விடலாம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வேலை: தொடாமல் இருப்பது

வாய்வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கியில், உள்ளே மருந்து இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இன்றைய துப்பாக்கி மாதிரி திறந்து பார்க்க வழியில்லை. காட்டுப்பன்றிக்காகவோ திருட்டு பயத்துக்காகவோ கெட்டித்து வைத்தவர், சுடாமலேயே மச்சில் ஏற்றியிருக்கலாம். கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கலவை. ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் அது பற்றும். நனைந்து காய்ந்தாலும் ஆபத்து முழுதாகப் போய்விடாது.

அனுபவம் உள்ளவர்கள் ஒரு அளவுக் கம்பியைக் குழலுக்குள் விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பார்கள். பிறகு அதே கம்பியைக் குழலின் வெளியே வைத்து ஒப்பிடுவார்கள். கம்பி அடிவரை போகாமல் ஓரிரு அங்குலம் முன்னாலேயே நின்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இதைச் செய்ய வேண்டியவர் போலீஸின் ஆயுதப் பிரிவுக்காரர். நீங்கள் இல்லை. விசையை இழுத்துப் பார்ப்பது, குழலைச் சூடாக்குவது, துளை போடுவது, வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவது எதுவுமே கூடாது.

திரியா, தீக்கல்லா, கேப்பா?

வயதைத் தெரிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டியது, தீப்பற்ற வைக்கும் பொறி. பழைய துப்பாக்கிகளில் இது பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது திரித் துப்பாக்கி. புகையும் கயிற்றுத் திரி வந்து மருந்தைத் தொடும். இரண்டாவது தீக்கல் துப்பாக்கி. சுத்தியலின் வாயில் கவ்விய கல், எஃகுத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். மூன்றாவதுதான் ‘கேப்’ துப்பாக்கி, அதாவது பெர்கஷன். குழலின் அடிப்பக்கம் நிப்பிள் என்ற சின்னத் துளைக்குமிழ் இருக்கும். அதன் தலையில் செம்புத் தொப்பி ஒன்றைக் கவிழ்ப்பார்கள். சுத்தியல் அதில் அடித்ததும் தொப்பிக்குள் இருக்கும் ரசாயனம் வெடித்து, நெருப்பு துளை வழியாக மருந்துக்குப் போகும்.

இந்த மூன்றாவது வகைக்கு அடிப்படை போட்டவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் அலெக்சாண்டர் ஃபார்சித். தீக்கல் துப்பாக்கியில் முதலில் ஒரு மின்னல் தெரியும், அப்புறம்தான் வெடிக்கும். அந்த மின்னலைப் பார்த்ததுமே வாத்துகள் தப்பித்துவிடுவது அவருக்குப் பெரிய குறையாக இருந்தது. அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தி 1807-ல் காப்புரிமை வாங்கினார். செம்புத் தொப்பி பரவலானது 1820-களில். பிரிட்டிஷ் ராணுவம் இந்த முறைக்கு மாறியது 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில்.

இப்போது குடும்பக் கதைக்கு வருவோம். வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி நடந்தது 1809-ல். அந்த வருடம் பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் காவல் அரண்களை உடைத்துக்கொண்டு நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்தது. அப்போது இரு பக்கமும் செம்புத் தொப்பி கிடையாது. ஆக, மச்சில் இருப்பது கேப் துப்பாக்கி என்றால், அது அந்தப் போரில் அதே உருவில் இருந்திருக்க முடியாது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய தீக்கல் துப்பாக்கியை வாங்கி, கேப் முறைக்கு மாற்றியிருக்கலாம். அப்படி மாற்றியதற்குத் தடயம் இருக்கும். பக்கவாட்டில் உள்ள பூட்டுத் தகட்டில் அடைக்கப்பட்ட பழைய திருகுத் துளைகள், மருந்துக் கிண்ணம் இருந்த இடத்தில் வளைவான ஒரு வெட்டு, குழலின் பக்கவாட்டில் பிற்பாடு திருகி வைத்த சின்ன உருளை. இவை தெரிந்தால் பாட்டா சொன்ன கதைக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

பெயர் எழுதியிருந்தால் அவர்தான் செய்தவரா?

அவசரப்படக்கூடாது. இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்க ரைஃபிள்கள்.

பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் போன்ற ஊர்களில் உருவான நீளமான வேட்டை ரைஃபிள்கள் ஒரே ஆள் முழுதாகச் செய்தவை என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. பூட்டு ஓரிடத்திலிருந்து வரும், குழல் இன்னோரிடத்திலிருந்து வரும். ஊர்க் கைவினைஞர் மரக்கட்டையைச் செதுக்கி, எல்லாவற்றையும் பொருத்தி, நுணுக்க வேலை செய்து முடிப்பார். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்திலிருந்து பூட்டுகள் பெட்டி பெட்டியாக அமெரிக்காவுக்குக் கப்பலேறின. கெட்லாண்ட், கோல்ச்சர் போன்ற பெயர்கள் எத்தனையோ அமெரிக்க ரைஃபிள்களின் பூட்டுத் தகட்டில் இருக்கின்றன. அது பூட்டு செய்தவர் அல்லது விற்றவர் பெயர். ரைஃபிளைச் செய்தவர் பெயர் அதுவாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

குழலிலும் இதே சிக்கல் வரும். நியூயார்க் மாநிலத்தில் ரெமிங்டன் நிறுவனம் ஆரம்பத்தில் வெறும் குழல்களைச் செய்து மற்ற பட்டறைகளுக்கு விற்றது. அந்தக் குழலில் ரெமிங்டன் முத்திரை இருக்கும். ஆனால் துப்பாக்கி வேறொருவருடையது.

அப்படியானால் எங்கே பார்ப்பது? எட்டுப் பட்டைக் குழலாக இருந்தால், மேல்பட்டையில் பார்வைக் குறிக்கும் நிப்பிளுக்கும் இடையே தேட வேண்டும். ரைஃபிளை முழுமையாகச் செய்து முடித்தவர் கையெழுத்துப் போடும் வழக்கமான இடம் அது. மேற்கு எல்லைக்குப் போனவர்கள் விரும்பி வாங்கிய செயின்ட் லூயிஸ் நகரத்து ஹாக்கன் சகோதரர்களின் பெயரும் குழலின் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் தேய்ந்து போயிருந்தால் பாணியைப் பார்க்க வேண்டும். வரிவரியாகப் புள்ளியோடும் மேப்பிள் மரக்கட்டை, கட்டையின் வலப்பக்கம் பித்தளை மூடி போட்ட சின்னப் பெட்டி, அந்த மூடியின் வடிவம். பெட்டி மூடியை வைத்தே எந்த வட்டாரத்துப் பட்டறை என்று சொல்லக்கூடிய நிபுணர்கள் இருக்கிறார்கள்.

சுருக்கமாக, பூட்டு, குழல், கட்டை மூன்றும் மூன்று சாட்சிகள். மூன்றையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். மூன்றும் ஒரே கதையைச் சொன்னால்தான் நம்பலாம்.

‘விண்ட்சர்’ எந்த நாட்டில் இருக்கிறது?

இப்போது பெங்களூர் தம்பியின் கேள்வி. பூட்டுத் தகட்டில் கிரீடம், அதோடு ‘விண்ட்சர்’ என்ற பெயரும் 1856 போன்ற ஒரு வருடமும் இருந்தால், எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இங்கிலாந்து அரண்மனைதான். ஆனால் அந்த விண்ட்சர் இருப்பது அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தில்.

அந்த ஊரில் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் இவர்கள் ராணுவ ரைஃபிள்களை வைத்தார்கள். ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் போட்டாலும் அப்படியே பொருந்தியது. அதுவரை இங்கிலாந்தில் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவித்தான் பொருத்துவார்கள். அசந்துபோன பிரிட்டிஷ் அரசு அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பியது. என்ஃபீல்டு ஆலைக்கான இயந்திரங்களை அங்கிருந்தே வாங்கியது. கிரிமியப் போருக்குத் துப்பாக்கி போதாமல், 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் 25,000 செய்து தர அதே ராபின்ஸ் அண்ட் லாரன்ஸிடம் ஒப்பந்தமும் போட்டது.

1856-ல் போர் முடிந்தது. சொன்ன காலத்தில் சொன்ன எண்ணிக்கையைத் தர முடியாமல் நிறுவனம் நொடித்துப்போனது. அவர்கள் செய்து அனுப்பியவற்றில்தான் ‘விண்ட்சர்’ முத்திரை. அந்தப் பழைய ஆலைக் கட்டடம் இன்று இயந்திரக் கருவிகளுக்கான அருங்காட்சியகம்.

ஆக, ஒரே துப்பாக்கிக்கு மாதிரி இங்கிலாந்து, தயாரிப்பு அமெரிக்கா. இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் இங்கிலாந்திலிருந்து லட்சக்கணக்கில் என்ஃபீல்டுகளை வாங்கின. அமெரிக்கப் போர்க்களத்தில் கிடைத்தது என்பதால் மட்டும் ஒன்று அமெரிக்கத் துப்பாக்கி ஆகிவிடாது. அமெரிக்க அரசு ஆலையில் செய்த ஸ்பிரிங்ஃபீல்டு 1861 மாதிரியில் கழுகுச் சின்னமும் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற பெயரும் பூட்டிலேயே இருக்கும். ஒன்றின் குழல் அளவு .577 அங்குலம், மற்றது .58. இரண்டுமே ஏறக்குறைய 14.7 மில்லிமீட்டர்தான். அளவை மட்டும் வைத்து நாட்டைச் சொல்ல முடியாது.

நம்ம ஊரில் கிடைக்கக்கூடிய முத்திரைகள்

குமரியில் கிடைக்கும் கேப் துப்பாக்கி அமெரிக்காவில் செய்ததாக இருக்கும் வாய்ப்பைவிட, இங்கிலாந்திலோ இந்தியாவிலோ செய்ததாக இருக்கும் வாய்ப்புதான் அதிகம். தேட வேண்டியவை இவை:

● இதயச் சின்னம்: கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய வணிக முத்திரை. நான்காகப் பிரித்த இதயம், உள்ளே எழுத்துகள், மேலே 4 போன்ற ஒரு குறி. 1808-ஐ ஒட்டி இதை நிறுத்திவிட்டார்கள்.

● கிரீடம் ஏந்திய சிங்கம்: இதயத்துக்குப் பிறகு கம்பெனி பயன்படுத்தியது.

● கிரீடமும் ‘டவர்’ என்ற சொல்லும்: பிரிட்டிஷ் அரசின் ஆயுதக் கிடங்கான லண்டன் டவரைக் குறிக்கும். அங்கே செய்தது என்று அர்த்தமில்லை. பர்மிங்காம் பட்டறைகளில் செய்த பாகங்களிலும் இது இருக்கும்.

● பரந்த அம்பு: அரசு உடைமை. அம்புக்குக் கீழே ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய அரசின் உடைமை. இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதினால், படையிலிருந்து கழித்து விற்கப்பட்டது.

● சோதனை முத்திரை: குழலின் இடப்பக்கம், அடியை ஒட்டி இருக்கும். கூடுதல் மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, குழல் தாங்கினால் அடிக்கும் முத்திரை இது. லண்டன் என்றால் கிரீடத்தின் கீழ் ‘ஜி.பி’, இன்னொரு கிரீடத்தின் கீழ் ‘வி’. பர்மிங்காம் சோதனைச் சாலைக்கு 1813-ல் சட்டம் வந்தது. அதன் முத்திரை, குறுக்காகப் போட்ட இரண்டு செங்கோல்களும் கிரீடமும் ‘பி.பி.சி’ என்ற எழுத்துகளும். அமெரிக்காவில் இப்படிக் கட்டாயச் சோதனைச் சாலைகள் இருந்ததில்லை.

பக்கத்தில் 24, 25 என்று எண் இருந்தால் அதை வருடம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்குப் பொருந்தும் உருண்டை எத்தனை வார்க்கலாம் என்ற கணக்கு அது.

அடுத்தது, ரைஃபிளா மஸ்கட்டா என்ற கேள்வி. குழலுக்குள் சுழலும் வரிப்பள்ளங்கள் இருந்தால் ரைஃபிள். 1853 என்ஃபீல்டில் மூன்று பள்ளங்கள். வழவழவென்று இருந்தால் மஸ்கட். இதன் பின்னால் ஒரு அரசியல் இருக்கிறது. கொழுப்பு தடவிய தோட்டா விவகாரத்தில் 1857 எழுச்சி வெடித்ததே இந்த என்ஃபீல்டு ரைஃபிளை ஒட்டித்தான். அதற்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு அதே உருவில், பள்ளம் இல்லாத .656 அங்குலக் குழல் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். தூரம் குறைவு, குறி சுமார். நம்பிக்கை இல்லாததை இரும்பிலேயே காட்டிவிட்டார்கள். வெளியே என்ஃபீல்டு, உள்ளே வழவழப்பு என்று ஒன்று கிடைத்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளலாம்.

எந்த முத்திரையும் இல்லையா?

அப்படியானால் உள்ளூர்க் கொல்லர் செய்ததாக இருக்கலாம். நாஞ்சில் நாட்டுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சரணடைந்த டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய், பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆனார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையை அவர் பலப்படுத்தினார். கோட்டைக்குள்ளேயே ஆயுத வார்ப்படச் சாலையும் நடந்தது. 1777-ல் இறந்த அவரது கல்லறை இன்றும் அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. நாகர்கோவில்–திருவனந்தபுரம் சாலையில் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம்.

உள்ளூர் வேலையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மரம். ஐரோப்பிய, அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகளில் வால்நட் மரம்தான் வழக்கம். கட்டை தேக்கோ ஈட்டியோ என்றால், இங்கே செய்தது அல்லது பழைய கட்டை உடைந்து இங்கே மாற்றியது. திருகுகளின் மரை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருப்பதும் கைவேலைக்கு அடையாளம்.

போலிகளும் உண்டு. ஆப்கன் எல்லைப் பகுதிக் கொல்லர்கள் கம்பெனி முத்திரைகளைப் பார்த்துப் பார்த்து வெட்டினார்கள். ஆங்கிலம் தெரியாததால் எழுத்து தலைகீழாகும், கிரீடம் கோணலாகும். இதயச் சின்னத்தோடு 1850 என்று வருடம் இருந்தால், இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

“நூறு வருஷப் பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாமே?”

இதுதான் பெரிய தவறான நம்பிக்கை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கி ‘ஆன்டிக்’. கட்டுப்பாடு மிகக் குறைவு. அங்கே இருந்து வரும் வீடியோக்களைப் பார்த்து இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு சொல்வது வேறு. பழைய மாதிரி, தொல்பொருள் மதிப்புள்ளது, பழுதானது என்றெல்லாம் இருந்தாலும், பழுது பார்த்தாலும்கூட சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. நிப்பிள் ஒன்றை மாற்றினால் வெடிக்கும் என்றால் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கி. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. சுடுமா சுடாதா என்று தீர்மானிக்க வேண்டியது அதிகாரிகள். வீட்டுக்காரர் அல்ல.

இன்னும் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. மண்ணிலோ சுவரிலோ புதைந்து கிடைத்தால், 1878 புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும். நூறு ஆண்டு தாண்டிய கலை, வரலாற்றுப் பொருள் என்றால் 1972 தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்க ஏலத்தில் விற்கும் கனவு அங்கேயே முடிந்தது.

அப்போ என்னதான் செய்வது?

1. இருந்த இடத்திலேயே விட்டு, யாரும் முன்பக்கம் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அகற்றுங்கள்.

2. காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நீங்களே பைக்கில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். தகவல் தந்த தேதியோடு எழுத்தில் ஒரு ஒப்புகை வாங்குங்கள்.

3. தாத்தா பெயரில் பழைய உரிமப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வாரிசு முறையில் விண்ணப்பிக்க வழி உண்டு. உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். அந்தப் புத்தகத்தில் துப்பாக்கியின் விவரமும் எண்ணும் இருக்கலாம். அடையாளம் காண அதுவே நல்ல ஆதாரம்.

4. பாதுகாப்பானது என்று உறுதியான பிறகு போட்டோ எடுங்கள். பூட்டுத் தகடு, குழலின் மேல்பக்கம், குழலின் இடப்பக்க அடி, கட்டையின் இரு பக்கம், திருகுகள். ஃபிளாஷ் போட வேண்டாம். இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து நிற்கும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள்.

5. உப்புத்தாள், புளி, பாலிஷ் எதுவும் வேண்டாம். துருவோடு சேர்ந்து முத்திரையும் போய்விடும். அப்புறம் எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

6. சுட முடியாதது என்று தீர்மானமானால், அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதத் தொகுப்பில் தஞ்சை அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் வந்தவை இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்கவும் அது நல்ல இடம்.

கடைசியில் ஒன்று. முத்திரையைப் படித்தபிறகு பாட்டா சொன்ன கதை பொய்யென்று ஆகலாம். வேலுத்தம்பி காலத்தது இல்லை, அரை நூற்றாண்டு பிந்தியது என்று தெரியலாம். அதற்காக அந்தக் கதையைத் தூக்கிப்போட வேண்டாம். யார் வாங்கினார், எதற்கு வைத்திருந்தார், ஏன் மச்சில் ஒளித்தார் என்று எந்த முத்திரையிலும் எழுதியிருக்காது. அதைச் சொல்ல வீட்டில் ஒரு மூத்தவர் இருந்தால், இன்றைக்கே போனில் பதிவு செய்து வையுங்கள்.